தடை போடத் தெரிந்தது, அளக்கத் தெரியவில்லை

2021 மே மாதம் ஒரேயொரு வர்த்தமானி. இரசாயன உர இறக்குமதி நின்றது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பெரும்போகம் அதற்குள் தொடங்கிவிட்டது. விளைச்சல் விழுந்தது. நெல் விளைகிற நாடு அரிசிக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இனி உரத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக்கூடாது" எண்டு இப்ப கன பேர் சொல்லினம். அந்தத் தடை செய்த இரண்டாவது கெடுதல் இதுதான். ஏனென்றால் பிரச்சினை உண்மையானது.

50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பல வேளைகளில் அதில் பாதிகூடப் பயிருக்குப் போவதில்லை. மிச்சத்தில் ஒரு பங்கு நைத்திரேற்றாக நிலத்தடிக்கு இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகளுக்கு இது புதுக்கதை இல்லை. இன்னொரு பங்கு காற்றுக்குப் போகிறது. அதிலுள்ள நைத்திரஸ் ஒக்சைட்டு, காபனீரொட்சைட்டை விட 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். உலகப் பொதுக்கணக்கின்படி மேட்டுநிலத்தில் போடும் நைதரசனில் நூற்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. அதாவது மூட்டைக்கு ஏறத்தாழ 100 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். தண்ணீர் நிற்கும் வயலில் அதில் மூன்றிலொன்றுதான்.

ஆக, வலிகாமத்து வெங்காயத் தோட்டமும் இரணைமடுத் தண்ணி பாயும் வயலும் ஒன்றல்ல. தடைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

2019 ஒக்டோபரில் இதே நாட்டில்தான் கொழும்புப் பிரகடனம் வந்தது: நைதரசன் வீணாவதை 2030க்குள் பாதியாக்குவோம் என்றார்கள். நல்லது. பாதியாக்க முதல் முழுசு எவ்வளவு எண்டு தெரிய வேண்டாமோ?

கமக்காரர்தான் கண்மூடித்தனமாகக் கொட்டினார்கள் என்பவர்களுக்கும் ஒன்று. 2005இல் நெல்லுக்கான உர மூட்டையை 350 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கியது அரசுதான். மூட்டை தந்த அளவுக்கு மண் பரிசோதனையும் தந்திருந்தால் கதை வேறு. கூடப் போடப் பழக்கியதும் அவர்கள், ஒரே இரவில் பறித்ததும் அவர்கள், பழி மட்டும் வயலில் நிற்பவனுக்கு.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை.

கமநல சேவை நிலையத்தில் உரம் கொடுக்கும் அதே மேசையில் மண் பரிசோதனை முடிவும் கிடைக்க வேண்டும். யூரியாவைப் பிரித்துப் போடவும், இலை நிற அட்டையைப் பார்த்துப் போடவும் விவசாயப் போதனாசிரியர் வயலுக்கு வந்து காட்ட வேண்டும். பத்தலகொடையிலும் கிளிநொச்சியிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் எங்கள் மண்ணிலிருந்து போகும் வாயுவைப் போகத்துக்குப் போகம் அளந்து, மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும்.

இன்னொன்று. யூரியாவுக்கான அமோனியா பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து வருகிறது. அந்தப் புகை வேறு நாட்டில் எழுவதால் எங்கள் கணக்கில் ஏறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபர் முதல் இறக்குமதி உரத்தின் உமிழ்வுக் கணக்கைக் கேட்கிறது. எங்கட கேள்விமனுவிலும் அந்த ஒரு வரியைச் சேர்க்க என்ன தடை?

அளந்து குறைத்தால் கமக்காரருக்கும் காசு மிச்சம், கிணறும் தப்பும். அளக்காமல் வெட்டினால் என்ன நடக்கும் எண்டு 2021இல் பார்த்துவிட்டோம்.