கடைசி ஓவரும் காலை ஷிஃப்ட்டும்... நெஞ்சு வலி வந்த பிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டுமா?

2023 மே 29, திங்கட்கிழமை இரவு. முதல் நாள் மழையால் ஒரு பந்துகூட வீச முடியாமல் தள்ளிப்போன ஐ.பி.எல் இறுதிப்போட்டி அகமதாபாத்தில் நடந்தது. குஜராத்துக்காக நம்ம ஊர்ப் பையன் சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 ரன் விளாசினார். சி.எஸ்.கே மூன்று பந்துகள் ஆடியதும் மறுபடியும் மழை. ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது நள்ளிரவு 12 மணியைத் தாண்டிவிட்டது. 15 ஓவரில் 171 ரன் என்று இலக்கு மாறியது. கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவை. ஜடேஜா அடித்தார் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். கோப்பை சென்னைக்கு! அப்போது மணி ஒன்றரை.

தமிழ்நாட்டில் அன்று தூங்காத வீடுகள் எத்தனையோ! ஆனால், நெய்வேலி போன்ற ஊரில் அந்த ஒன்றரை மணிக்கு வேறு ஓர் அர்த்தமும் உண்டு. 1956-ல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றியே வளர்ந்த டவுன்ஷிப் அது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஞாயிறு, தீபாவளி, ஐ.பி.எல் ஃபைனல் எதையும் பார்ப்பதில்லை. அங்கே ஒவ்வொரு வீட்டின் தூக்கத்தையும் ஷிஃப்ட்தான் தீர்மானிக்கிறது. காலை ஷிஃப்ட்காரருக்கு நள்ளிரவு மேட்ச் என்றால், அன்றைய தூக்கம் மூன்று மணி நேரம்கூடத் தேறாது.

அந்த ஊரில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு வயது 46. பி.பி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஞாபகம் வந்தால்தான் போடுவார். இரவு ஏழரைக்கு டி.வி முன்னால் உட்கார்ந்தால், பஜ்ஜி, மிக்ஸர், இரண்டு டீ. மேட்ச் முடிந்த பிறகு ‘போஸ்ட் மேட்ச்’ பேச்சு. அதுவும் முடிந்தால் படுக்கையில் மொபைல், மீம்ஸ், வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை.

“என்னங்க, மணி ஒண்ணாகுது. காலையில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னு ஞாபகம் இருக்கா?”

“இதோ, ரெண்டே நிமிஷம்!”

ஒருநாள் ஆட்டம் கடைசி ஓவர் வரை போகிறது. அவருக்கு நெஞ்சில் ஒரு அழுத்தம். நெற்றியில் வியர்வை. “கேஸா இருக்கும், கொஞ்சம் ஓம வாட்டர் கொடு” என்கிறார். மனைவி கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறார். நல்லவேளை, மாரடைப்பு இல்லை. ஆனால், பி.பி எகிறியிருக்கிறது. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “மாத்திரை போட்டீங்களா?” இரண்டாவது, “எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” இரண்டுக்குமே அவரிடம் பதில் இல்லை.

இது கற்பனை வீடுதான். ஆனால், ‘இது எங்க வீடு மாதிரியே இருக்கே’ என்று தோன்றினால், மேலே படியுங்கள்.

மேட்ச் பார்க்கும்போது உடலில் என்ன நடக்கிறது?

நெய்வேலிக்காரர்களுக்கு பம்ப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். இதயமும் அப்படியொரு பம்ப்தான். என்ன, அதற்கு ஷிஃப்ட் மாற்றிவிட ஆள் கிடையாது.

பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ஓடுவது என்னவோ ஜடேஜாதான். சோபாவில் இருப்பவரின் இதயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் 20 பேரை வைத்து நடத்திய சிறிய ஆய்வு 2017-ல் வெளியானது. டி.வி-யில் மேட்ச் பார்த்தவர்களின் இதயத்துடிப்பு சராசரியாக 75 சதவிகிதமும், நேரில் பார்த்தவர்களுக்கு 110 சதவிகிதமும் கூடியிருந்தது.

2006 உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் பகுதி மருத்துவர்கள் அவசர சிகிச்சைக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் இதயம் தொடர்பான அவசரங்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஆண்களுக்கு மட்டும் 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அது உச்சத்தில் இருந்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

அதற்காக, மேட்ச் பார்த்தால் மாரடைப்பு வரும் என்று பயப்பட வேண்டாம். வேறு சில ஆய்வுகளில் இந்த அளவுக்கு ஏற்றம் தெரியவும் இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத பி.பி, சர்க்கரை, சிகரெட், தூக்கமின்மை எல்லாம் உள்ளே ஏற்கெனவே சேர்த்துவைத்த சுமைக்கு, கடைசி ஓவர் ஒரு சின்னத் தள்ளு கொடுக்கலாம். அவ்வளவுதான்.

விளையாடியவர்களையே விட்டுவைக்காத விஷயம் இது. கபில் தேவுக்கு 2020 அக்டோபரில் மாரடைப்பு வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். 2021 ஜனவரியில் சவுரவ் கங்குலிக்கும் அதே சிகிச்சை. அப்போது அவருக்கு 48 வயதுதான். இருவரும் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதால் மீண்டு வந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

2022-லிருந்து ஒரு ஐ.பி.எல் சீசனுக்கு 74 மேட்ச். ஒரு மேட்ச்சுக்கு மூன்றரை மணி நேரம் என்றால் 259 மணி நேரம். அதாவது, கிட்டத்தட்ட 11 முழு நாள்கள்! இதில் லீக் சுற்றில் சி.எஸ்.கே ஆடுவது 14 மேட்ச்தான். அதற்கு 49 மணி நேரம். மீதி 60 மேட்ச்சுக்கு 210 மணி நேரம்.

இப்போது இன்னொரு கணக்கு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி நேரம் நடந்தால் அதைத் தாண்டிவிடலாம். அதற்கு வருடம் முழுக்கத் தேவைப்படுவது 182 மணி நேரம். ‘நம்ம டீம்’ ஆடாத மேட்ச்சுகளை விட்டாலே ஒரு வருட வாக்கிங்குக்கு நேரம் கிடைத்துவிடும், மிச்சமும் இருக்கும். மரங்கள் நிழல் தரும் நெய்வேலி டவுன்ஷிப் சாலைகளைவிட வாக்கிங்குக்கு வசதியான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

ரசிகராகவே இருங்கள், ஆனால்...

ஒரு ரசிகரிடம் ‘மேட்ச் பார்க்காதே’ என்றால் அவர் கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. மேட்ச் என்பது அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்காரும் நேரம். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் உரிமையோடு உள்ளே வரும் நேரம். அந்தச் சந்தோஷமும் உடம்புக்கு நல்லதுதான். மாற்ற வேண்டியது சில பழக்கங்களை மட்டும்.

* உங்கள் அணியின் ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள். மற்றவற்றுக்கு மறுநாள் ஹைலைட்ஸ் போதும்.

* மறுநாள் காலை ஷிஃப்ட் என்றால் முதல் இன்னிங்ஸோடு டி.வி-யை அணைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. 2022-ல் அமெரிக்க இதய சங்கம், இதய நலனுக்கான எட்டு அடிப்படை விஷயங்களில் தூக்கத்தையும் சேர்த்திருக்கிறது.

* டாஸ் போடும் முன்பே அன்றைய மாத்திரையைப் போட்டுவிடுங்கள். இன்னிங்ஸ் இடைவேளையில் எழுந்து நடங்கள். பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் போதும்.

* தோற்ற பிறகு வாட்ஸ்அப் சண்டை வேண்டாம். மேட்ச்சைவிட அதுதான் அதிகம் தூக்கத்தைக் கெடுக்கும்.

* 30 வயதைத் தாண்டியவர்கள் பி.பி, சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்தே மாத்திரை தருகிறார்கள்.

* நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை இருந்தால் ‘கேஸ்’ என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே தெரியாமல் வெறும் அசதியாக, குமட்டலாகக்கூட வரலாம். ‘இந்த ஓவர் முடியட்டும்’ என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

அந்தக் கற்பனை வீட்டுக்கே திரும்புவோம். அடுத்த சீசன் வந்துவிட்டது. மஞ்சள் ஜெர்ஸி அப்படியேதான் இருக்கிறது. மேட்ச் இரவு பத்து மணியைத் தாண்டியும் இழுக்கிறது. மறுநாள் காலை ஷிஃப்ட். அவர் எழுந்து படுக்கப் போகிறார்.

“அப்பா, இன்னும் நாலு ஓவர்தான் இருக்கு!” என்கிறாள் மகள்.

“நீ பாருடா. காலையில எழுந்ததும் ஸ்கோர் சொல்லு.”

ஸ்கோர் காலையிலும் அங்கேயேதான் இருக்கும். அதைக் கேட்க அப்பாவும் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வீட்டுக்கு முக்கியம்.