பட்டா யாருக்கு?

கதை எழுதுகிறவனுக்கு இன்டர்நெட் விலாசத்தைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். திருட்டு என்றால் எனக்கு எப்போதுமே கவலைதான்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு வலையமைப்பும் தன் அண்டை அயலாரிடம், 'இன்னின்ன எண்ணுள்ள விலாசங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு வரும் தபாலை என் வழியே அனுப்புங்கள்' என்று தண்டோரா போடுகிறது. அவர்களும் நம்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு! 2008 பிப்ரவரியில், தன் நாட்டுக்குள் யூ டியூபை அடைப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் போட்ட தண்டோரா எல்லை தாண்டிப் போய், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும் பகுதிக்கு யூ டியூபே இல்லாமல் செய்துவிட்டது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் சான்றுப் பத்திரம். இன்ன விலாசத்தை இன்ன வலையமைப்பு அறிவிக்கலாம் என்று, அதற்கு உரியவரே போலி செய்ய முடியாத முத்திரையிட்டுச் சொல்வது. ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் விலாசப் பதிவேடு வைத்திருக்கும் ஆம்ஸ்டர்டாம் சங்கமான ரைப் என்.சி.சி., 2011 ஜனவரியில் இதை வழங்கத் தொடங்கியது. யாருக்கு? தன் அங்கத்தினர்களுக்கு மட்டும்!

இன்டர்நெட் கம்பெனியை மாற்றினாலும் விலாசம் மாறக் கூடாதென்று, ஓர் அங்கத்தினரின் பொறுப்பில் ஒப்பந்தம் எழுதி, தங்கள் பெயரிலேயே சுயேச்சையாக விலாசம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் உண்டு. பத்திரம் மட்டும் கிடையாதாம். 'வேண்டுமானால் அங்கத்தினராகச் சேரட்டுமே' என்றார்கள். நிலம் யாருடையது என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிற மணியக்காரர், 'சங்கத்துக்குச் சந்தா கட்டு, பிறகு பட்டா தருகிறேன்' என்றால் ஊர் சிரிக்காதா? மேலும், பத்திரமில்லாத விலாசத்தை ஒருவன் களவாடினால், நஷ்டம் உரியவரோடு நிற்பதில்லை. மெய்யைச் சொல்லும் பத்திரம் இல்லாதபோது, பொய்யைப் பொய்யென்று கண்டுகொள்ள யாருக்கும் வழியில்லை. சந்தா கட்டிய அங்கத்தினர் அங்கே அனுப்பும் தபாலும் திருடன் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

கொடுக்கிற கை பறிக்கவும் செய்யுமே என்று அஞ்சியவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் பொதுவானது. சுயேச்சைக்காரரை மட்டும் வாசலில் நிறுத்த அது காரணமாகாது.

2013-ல், அங்கத்தினர் அல்லாதாருக்கும் பத்திரம் வழங்கும் விதியை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். சந்தோஷம். வட அமெரிக்கப் பதிவகமோ, தான் பிறந்த 1997-க்கு முன்பே விலாசம் பெற்றவர்களிடம், 'முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்து, பிறகு பத்திரம்' என்கிறது. புதிதாகக் கையெழுத்திட வருவோருக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2023 டிசம்பரோடு முடிந்தது. இதற்குப் பிறகும் தயங்குகிறவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.