உப்புத் தொட்டியில் பச்சைப் பாசி: மயில்துத்தம் போடலாமா?

அத்திப்பட்டு வாசகி ஒருவரின் கேள்வி இது. கொளத்தூரில் ஒரு ஜோடி நீமோ மீன் வாங்கி, 100 லிட்டர் தொட்டியில் உப்புநீரில் வளர்க்கிறார். கூடவே நத்தையும் ஒரு சிறிய இறாலும் உண்டு. மூன்று மாதத்தில் கண்ணாடி, கல் எங்கும் தலைமுடி போலப் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. நெல் வயலில் பாசிக்குப் போட்டு மீந்த மயில்துத்தம் வீட்டில் இருக்கிறது, ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றினால் போகாதா என்கிறார் கணவர். வாசகிக்குத் தயக்கம்.

தயங்கியது நல்லதாயிற்று. ஊற்றவே கூடாது. மயில்துத்தம் என்பது தாமிர உப்பு. நத்தை, இறால், பவளம் போன்ற உயிர்களுக்கு மிகக் குறைந்த தாமிரமே விஷம். அது கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, விடிவதற்குள் மீனும் போய்விடும். வயலில் தண்ணீர் வடிந்துவிடும், தொட்டியில் எங்கே வடியும்?

வடிகால் இல்லாத வயல் உவராவது எப்படி என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியிலும் அதே கதைதான். தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்தது தங்கிவிடும். சென்னை வெயிலுக்குத் தினமும் குறையும் தண்ணீரை ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பினால், அதிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒவ்வொரு குவளையோடும் சேர்ந்துகொண்டே போகும். மீந்த தீனியும் மீன் கழிவும் அதோடு சேரும். யூரியா, டி.ஏ.பி. போட்ட மாதிரிதான், பாசி செழிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே குறையும் தண்ணீரை ஆர்.ஓ. நீரால் மட்டும், உப்புச் சேர்க்காமல் நிரப்ப வேண்டும். உப்பு ஆவியாகாது என்பதால் உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு ஏறிவிடும். வாரம் ஒருமுறை 10 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டு, புதிதாகக் கலந்த உப்புநீரை விடலாம். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம், 10 லிட்டருக்கு 350 கிராம் உப்பு. மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பே வேண்டும், சமையல் உப்பு உதவாது. ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டினால் சரி.

பக்கத்தில்தானே எண்ணூர் கழிமுகம், ஒரு குடம் மொண்டு வந்தால் செலவில்லையே என்று தோன்றும். அங்கே சாக்கடையும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்ததை அந்தப் பகுதி மீனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நீர் வேண்டாம்.

இருக்கும் பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எறிய வேண்டும். அது குடித்த உரமும் அதோடு வெளியேறும். தண்ணீர் மாற்றும் நாளிலேயே பிடுங்கினால் மிதக்கும் துணுக்குகளையும் குழாயால் உறிஞ்சிவிடலாம். தீனி, மீன் இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவு போதும். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் தொட்டியை நகர்த்துவதே வழி. நத்தை பாசியைத் தின்னும். ஆனால் தின்றது கழிவாகத் தொட்டியிலேயே விழும், அதை மட்டும் நம்பக் கூடாது.

புதுத் தொட்டியில் பழுப்புத் தூள் போலப் படிவது வேறு வகை, சில வாரங்களில் பெரும்பாலும் தானே அடங்கும். சிவப்பு வழவழப்பாகப் போர்த்தினால் அது நீலப்பச்சைப் பாசி இனம். அசோலாவுக்குள் இருந்து தழைச்சத்து சேர்க்கும் பாசிக்கு உறவு. வயலில் நண்பன், இங்கே தொல்லை. அதற்கு மருந்துக்கடை ஆன்டிபயாடிக் மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. கழிவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவும் அதில் பாதிக்கப்படலாம். குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டுவதே நல்லது.

பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை புது மீன் வாங்க வேண்டாம்.