தணிக்கை அறிக்கை யாருக்கு?

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய கம்பெனியை நம் அங்கத்தினர் நன்கறிவர். அதன் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்குக்கு முன்பாகத் தணிக்கையாளர் அறிக்கை நிற்கும். அது நிர்வாகத்துக்கன்று, பங்குதாரருக்கே எழுதப்படுவது. கிடங்குச் சரக்கு எண்ணப்படுவதை நேரில் நின்று பார்ப்பதும், பாங்கியிடமிருந்தே இருப்பை எழுத்து மூலம் பெறுவதும் தணிக்கையாளர் கடமை.

ஐதராபாத் சத்யம் கம்பெனியில் 5,040 கோடி ரூபாய் இருப்பு ஏட்டில் மட்டுமே இருந்தது. 2009 ஜனவரியில் அதன் தலைவர் தாமே ஒப்புக்கொள்ளும்வரை தணிக்கை அறிக்கை எதிலும் அது வெளிவரவில்லை! பின்னர் வந்த 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகளில் ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கலாகாதென விதித்தது. நல்ல விதியே, பழகிய கண்ணுக்குக் குறை தெரிவதில்லை.

நம் சங்கங்களுக்கோ அரசின் கூட்டுறவுத் தணிக்கைத் துறை வருகிறது. ஆயினும், பேரவையில் தணிக்கைக் குறைகள் படிக்கப்படும் வேளையில் அங்கத்தினர் பந்திக்கு எழுந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நூல் இருப்பில் குறைவு என்று ஒரு வரி வந்தால், அது யாருடைய நூல்? அடுத்த கூட்டத்தில் ஒருவரேனும் எழுந்து, குறைநிவர்த்தி அறிக்கை எங்கே என்று கேட்கட்டும். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யட்டும்.