மோதிவிட்டு ஓடினாலும் இழப்பீடு உண்டு



எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாவை விடியற்காலையில் ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிவு. எஃப்.ஐ.ஆர். நகலை மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கிறார். “வண்டி நம்பரே தெரியாது, யார்கிட்ட போய்க் கேக்குறது?” என்கிறார். ஸ்டேஷனில் யாரும் வழி சொல்லவில்லையாம்.

வழி இருக்கிறது. அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. எலும்பு முறிவும் கொடுங்காயமே. வருவாய்த் துறை அதிகாரி விசாரிப்பார். மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியாவிட்டால் இந்த இழப்பீட்டுத் திட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸார் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கடிதம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்கிறது?

எஃப்.ஐ.ஆர். நகலுடனேயே விண்ணப்பப் படிவத்தையும் போலீஸார் கொடுக்கட்டும். அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டு வாசலில் தமிழில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

- வாசகர், திருப்பூர்