எல்லைக் கோட்டின் கனம்

பாறசாலையைப் பற்றி எழுதப் புகுந்தவன் அமெரிக்காவை ஏன் இழுக்கிறான் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. 1763-க்கும் 1767-க்கும் இடையே மேசன், டிக்சன் என்னும் இரு நில அளவையாளர்கள் பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டனர். இரு பெருங்குடும்பத்தாரின் நிலத் தகராற்றைத் தீர்க்கப் போட்ட கோடு, அவ்வளவுதான். 1780-இல் பென்சில்வேனியா அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. மேரிலாந்தோ 1864 வரை அதை விடவில்லை. நட்ட கல் நட்ட இடத்திலேயே நின்றது. ஆனால் ஒருபுறம் மனிதன், மறுபுறம் சரக்கு என்றாயிற்று. 1803-இல் லூசியானாவை விலைக்கு வாங்கி நாடு இருமடங்காயிற்று. புது நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்ற சண்டையும் பெருகிற்று. 1820-இல் இன்னொரு கோடு போட்டு ஒத்திப்போட்டனர். 1861-இல் போர் மூண்டது.

கோட்டுக்குக் கனம் கிடையாது. பிறகு வரும் சட்டங்களே அதன்மேல் பாரம் ஏற்றுகின்றன.

நம் பக்கம் வருவோம். 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. ஏழே ஆண்டுகளில் அந்த இராச்சியம் பிரிந்தது. இடையில் நேசமணி முதலானோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் கேட்கப்பட்டதுதான், கிடைக்கவில்லை. தாலுகாவை எண்ணிப் பிரித்தார்கள். வீடுவீடாக எண்ணியிருந்தால் கோட்டை எங்கே போடுவது? விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீடுகள் உண்டு; பாறசாலைப் பக்கம் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. களியக்காவிளைச் சந்தையில் பேரம் பேசுகிறவன் பேசுவது எந்த மொழி என்று இலக்கண ஆசிரியர்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்!

கோட்டை நகர்த்து என்று முழங்குவது எளிது. நான் அந்தக் கட்சியில் இல்லை. நகர்த்தினால் வேறு சில வீடுகள் தவறான பக்கத்தில் விழும். ஏற்றிய பாரத்தை இறக்குவதே என் வழக்கு.

நெய்யாறு ஒரு பாரம். திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றாயிருந்தபோது தொடங்கிய அணை அது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கென்றும் வெட்டப்பட்டது. 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. உழவன் என்ன செய்தான்? அவன் கோட்டைத் தாண்டவில்லை. கோடுதான் அவன் வாய்க்காலைத் தாண்டிற்று.

பள்ளிக்கூடம் மற்றொன்று. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்னும் 350-ஏ பிரிவு, எல்லை பிறந்த அதே 1956 நவம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கோடும் வாக்குறுதியும் இரட்டைப் பிள்ளைகள். கோடு நன்றாக வளர்ந்துவிட்டது! பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு 2006-இல் சட்டம் செய்தது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றப் படி ஏறினர். கேரளம் 2017-இல் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. அந்த ஊர் மொழியை அந்த ஊரில் கற்கட்டும். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் வீட்டு மொழிக்கு வகுப்பில் ஒரு பெஞ்சாவது வேண்டாமா? பாறசாலைத் தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்பவர், விளவங்கோட்டு மலையாளப் பிள்ளைக்கும் கேட்க வேண்டும். இல்லையேல் நம் வழக்கு நிற்காது.

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. நல்லது. தம்பானூரில் பஸ் ஏறினால் பாறசாலை அதிகத் தொலைவில்லை. ஒரு சனிக்கிழமை பத்துப் பேர் போவோம். எந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர் உண்டா என்று எழுதிக்கொண்டு வருவோம். அடுத்த வாரம் களியக்காவிளை தாண்டிப் போய், மலையாள வகுப்புகளைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்போம்.