இரட்டைச் சாய்கோடு போட்டால் போதுமா?

எக்ஸ்பாத்தில் இரட்டைச் சாய்கோடு போட்டால் விடை வரும், மார்க்கும் வரும். அதற்காக மரத்தில் எத்தனை நோடுகளைத் தொட்டு வந்தது என்று நம்மை யாரும் கேட்பதில்லை!

மரத்தை ஒருமுறை சுற்றும்போதே ஒவ்வொரு நோடுக்கும் நுழையும்போது ஒரு எண், வெளியேறும்போது ஒரு எண் கொடுத்து வைங்க. நூலகம் 1, 20. அதில் ஒரு புத்தகம் 6, 11. ஒரு தலைப்பு 7, 8. இந்த இரண்டும் 6க்கும் 11க்கும் நடுவில் இருப்பதால் தலைப்பு அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கு. கிளை கிளையாக ஏறி இறங்கவே வேண்டாம், இரண்டு ஒப்பீடு போதும். (நடுவில் புது நோடு செருகினால் எண்களை மாற்றணும், அது தனித் தலைவலி.)

அன்றைய எக்ஸ்பாத் மென்பொருள்களில் கேள்வி நீள நீள நேரம் மடங்கு மடங்காகப் பெருகுவதை 2002-ல் காட்லோப், கோஹ், பிச்லர் மூவரும் காட்டினார்கள். வேகமான கம்ப்யூட்டர் வாங்கி இதைச் சமாளிக்க முடியாது. வழிமுறையைத்தான் மாற்றணும். அவர்கள் மாற்றியும் காட்டினார்கள்.

"டிப்ளமோவுக்கு இவ்வளவு எதுக்கு?" என்கிறார்கள். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். சொல்லித்தர வீட்டில் ஆளில்லை, லேபில் கற்றால்தான் உண்டு. நாளைக்கு மெதுவாக ஓடும் கேள்வி நம்ம மேசைக்குத்தானே வரும்? அடுத்த ஆண்டு முதல் ரெக்கார்டு நோட்டில் விடையோடு, தொட்ட நோடுகளின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்க சார்!